முருங்கை இலைத் தூளைப் பிறநாடுகளில் விற்பதற்குரிய விதிகள்

முகவுரை

வன்னிப் பெருநிலத்தில் முருங்கை நில்லாத வளவைக் காண்டல் அரிது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் வேலியோரத்தில் ஒரு கதியாலை ஊன்றிவிட்டாற் போதும். வரட்சியைத் தாங்கி அது தானே தழைக்கும். நம் முன்னோர் அதன் காயையும் இலையையும் கறியாக்கி உண்டனர். அண்மைக் காலத்தில் இலையை உலர்த்தித் தூளாக்கி, உறைகளிலும் புட்டிகளிலும் கூட்டுக் குளிகைகளிலும் அடைத்து, விற்றமின் நிறைந்த குறைநிரப்பு உணவென்று மேல்நாடுகளில் விற்கின்றனர். ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் முதலிய நகரங்களில் வாழும் உறவினர் கேட்டெழுத, நமது கமக்காரரும் மாதர் சங்கத்தினரும் இத்தொழிலில் இறங்க முனைகின்றனர். இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயின், தூள் நல்லதாயிருத்தல் மாத்திரம் போதாது. அது செல்லும் நாட்டின் சட்டத்துக்கு அமைந்ததாயும் இருத்தல் வேண்டும்.

இதனை எழுதுவோன் தன் அனுபவத்தாற் கற்ற பாடம் ஒன்றை ஈண்டுக் கூறுதல் தகும். சில ஆண்டுகளுக்கு முன் எனது பிரிவைச் சேர்ந்த பெண்கள் சிலர் ஒன்றுகூடி, சிறிது சிறிதாகச் சேமித்த பணத்தை முதலாக இட்டு, முருங்கைத் தூள் செய்து ஒரு மேல்நாட்டுக்கு அனுப்பினர். அவர்களுட் சிலர் கணவரை இழந்தவர். காப்பை அடகு வைத்துப் பங்கு செலுத்தியோரும் உளர். சுட்டுத்துண்டில் எழுதுவதற்கு ஒரு வாசகம் வேண்டுமென்று என்னைக் கேட்டனர். “நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் மாற்றும்” என்று எழுதிக் கொடுத்தேன். அப்பொதி எல்லையில் நிறுத்தப்பட்டது. நோயை மாற்றும் என்று கூறப்படுவதால் இது மருந்து. மருந்தாகப் பதியப்படாமையால் விற்றற்கு உரியதன்று என்று அந்நாட்டு அதிகாரிகள் முடிவு செய்தனர். திருப்பி அனுப்புவதற்கான கூலி பொருளின் விலையிலும் கூடியதாயிருந்தமையால், பொதி அங்கேயே அழிக்கப்பட்டது. இலையில் யாதொரு குற்றமும் இல்லை. குற்றம் முழுவதும் நான் எழுதிய ஒரு வரியிலேயே இருந்தது. அத்தகைய இழப்பு வேறெவர்க்கும் நேராதிருத்தற் பொருட்டே இப்பிரசுரம் எழுதப்படுகின்றது.

1. இவ்விதிகள் ஏன் ஏற்பட்டன?

விற்றமின்களைப் பற்றிய அறிவு நெற்சோற்றிலிருந்தே தொடங்கியது எனலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாவாத் தீவில் ஆராய்ச்சி செய்த ஐக்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர், நன்கு தீட்டிய அரிசியை மாத்திரம் தின்ற கோழிகள் கால் வலுவிழந்து நோயுறுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியைத் தின்றவை நலமடைவதையும் கண்டார். தவிட்டிலுள்ள அரும்பொருள் போன்றவற்றுக்கு 1912ஆம் ஆண்டில் கசிமிர் பங்க் என்பார் விற்றமின் என்னும் பெயரை வகுத்தார். இன்று பதின்மூன்று விற்றமின்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றைப் பிரித்தெடுத்தும் செயற்கையாக ஆக்கியும் மாத்திரைகளாக விற்கும் வழக்கம் உலகெங்கும் பரவியுள்ளது.

அளவோடு உண்டால் நன்மை தரும் விற்றமின், அளவு மிகுந்தால் தீமை செய்வதும் உண்டு. நீரிற் கரையும் விற்றமின் C மிகுந்தால் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறும். கொழுப்பிற் கரையும் விற்றமின் A ஈரலிற் சேர்ந்து நிற்கும். கருவுற்ற பெண்கள் மாத்திரையாக அதனை மிகுதியாக உட்கொண்டால் கருவுக்கு ஊறு நேரலாம். இலையிலுள்ள மஞ்சட் கரற்றீனை உடல் வேண்டிய அளவுக்கே விற்றமின் A ஆக மாற்றுவதால், இலைக்கறியால் அவ்வாபத்து இல்லை. மாத்திரையும் கறியும் ஒன்றல்ல என்பது இதனாற் புலப்படும்.

தவறான பொருள் சந்தைக்கு வந்தமையால் உயிர்கள் மடிந்த வரலாறும் உண்டு. 1937ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில், நச்சுத்தன்மை சோதிக்கப்படாத ஒரு மருந்துக் கரைசலைக் குடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் விளைவாக 1938ஆம் ஆண்டில் உணவு, மருந்து பற்றிய கடுஞ்சட்டம் அங்கு இயற்றப்பட்டது. 1989ஆம் ஆண்டில் இறக்குமதி செய்யப்பட்ட திரிப்தொபன் என்னும் குறைநிரப்பியை உண்டோரில் ஆயிரத்தைந்நூற்றுக்கு மேற்பட்டோர் கொடிய தசைநோய்க்கு ஆளாயினர். ஆதலின், கடல் கடந்து வரும் தூளையும் குளிகையையும் மேல்நாட்டார் ஐயத்தோடு நோக்குவது வியப்பன்று. அவ்விதிகள் நம்மைத் தடுப்பதற்கென ஆக்கப்பட்டவையல்ல. உண்போரைக் காப்பதற்கென ஆக்கப்பட்டவை.

2. முதலில் தீர்மானிக்க வேண்டியது

ஒரே முருங்கை இலை மூன்று வகைப் பொருளாக எண்ணப்படலாம். கறிக்கோ கஞ்சிக்கோ சேர்க்கும் தூளாக விற்றால் அது உணவு. நாளொன்றுக்கு இத்தனை கிராம், இத்தனை குளிகை என்று அளவு குறித்து, சத்தைக் கூட்டும் பொருளாக விற்றால் அது குறைநிரப்பு உணவு. நோயைத் தடுக்கும், தணிக்கும், மாற்றும் என்று கூறி விற்றால் அது மருந்து. இவ்வகுப்பைப் பொருளின் வடிவம், அளவுக்குறிப்பு, சுட்டுத்துண்டின் வாசகம், விளம்பரம் என்பனவற்றைக் கொண்டே அதிகாரிகள் துணிவர். உணவுக்குரிய விதிகள் எளியன, குறைநிரப்பிக்குரியவை கடியன, மருந்துக்குரியவை சிறு உற்பத்தியாளரால் நிறைவேற்றல் அரியன. புதிதாகத் தொடங்குவோர் உணவுத் தூளாகவே தொடங்குதல் நன்று.

3. ஐரோப்பிய ஒன்றியமும் ஐக்கிய இராச்சியமும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைநிரப்பு உணவுகளை ஆளும் அடிப்படைச் சட்டம் 2002ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கப் பணிப்புரை ஆகும். எந்த விற்றமின்களையும் கனிப்பொருள்களையும், எந்த இரசாயன வடிவில் சேர்க்கலாம் என்பதற்கு அதில் அட்டவணைகள் உள்ளன. சுட்டுத்துண்டில் “குறைநிரப்பு உணவு” என்னும் பெயர், நாளொன்றுக்கு உண்ணத்தக்க அளவு, அவ்வளவை மீறலாகாது என்னும் எச்சரிக்கை, இது பலவகை உணவுக்கு மாற்றாகாது என்னும் கூற்று, சிறுபிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும் என்னும் அறிவுரை ஆகியவை இருத்தல் வேண்டும். நோயைத் தடுக்கும் அல்லது மாற்றும் என்று கூறுதல் முற்றாக விலக்கப்பட்டுள்ளது. ஜேர்மனி போன்ற சில உறுப்பு நாடுகளில், பொருளைச் சந்தைக்கு விடுமுன் உரிய அலுவலகத்துக்கு அறிவித்தலும் வேண்டும்.

சத்துப் பற்றிய கூற்றுக்களை 2006ஆம் ஆண்டின் 1924ஆம் இலக்க ஒழுங்குவிதி ஆள்கின்றது. ஒரு விற்றமின் “உளது” என்று கூறுதற்கு, 100 கிராம் பொருளில் நாளாந்தத் தேவையின் 15 வீதமேனும் இருத்தல் வேண்டும். “மிகுதியாக உளது” என்று கூறுதற்கு 30 வீதம் வேண்டும். விற்றமின் A இன் நாளாந்தத் தேவை அங்கு 800 மைக்குறோகிராம் எனக் கொள்ளப்படுகின்றது. அதன் 15 வீதம் 120 மைக்குறோகிராம் ஆகும். இன்ன விற்றமின் உடலுக்கு இன்ன வகையில் உதவும் என்று கூறுதற்கும் 2012ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட பட்டியலிலுள்ள வாசகங்களையே பின்பற்றல் வேண்டும். மூலிகைகளைப் பற்றிய கூற்றுக்கள் பல இன்னும் முடிவு செய்யப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன.

1997ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதிக்கு முன் ஐரோப்பாவில் குறிப்பிடத்தக்க அளவில் உண்ணப்படாத பொருள் “புத்துணவு” எனப்படும். அதற்கு முன்னனுமதி வேண்டும். ஒரே மரத்தின் இலை ஒரு வகையிலும், வேர், பட்டை என்பன வேறு வகையிலும் எண்ணப்படலாம். ஆதலின் இலையோடு பட்டையையோ வேரையோ கலந்து அரைத்தல் ஆகாது.

பீடைகொல்லி மிச்சத்துக்கும் எல்லை உண்டு. தனியாக எல்லை குறிக்கப்படாத நஞ்சுக்கு, கிலோகிராமுக்கு 0.01 மில்லிகிராம் என்பதே பொது எல்லை. குறைநிரப்பு உணவில் ஈயம் கிலோகிராமுக்கு 3 மில்லிகிராமையும், கட்மியம் 1 மில்லிகிராமையும், பாதரசம் 0.1 மில்லிகிராமையும் தாண்டலாகாது. இவை 2023ஆம் ஆண்டின் 915ஆம் இலக்க ஒழுங்குவிதியிற் காணப்படுவன.

ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்தை விட்டு நீங்கியபோதும், அங்குள்ள விதிகள் பெரும்பாலும் இவற்றையே ஒத்தன. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டின் குறைநிரப்பு உணவு விதிகள் நடைமுறையில் உள்ளன. எனினும் இரண்டும் இப்பொழுது வெவ்வேறு சட்ட எல்லைகள். இலண்டனில் ஏற்கப்பட்டது பாரிசிலும் ஏற்கப்படும் என்று எண்ணிவிடலாகாது.

4. ஐக்கிய அமெரிக்கா

இங்கு 1994ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி குறைநிரப்பி உணவின் ஒரு வகையாகக் கொள்ளப்படும். விற்குமுன் அரசாங்கம் அதனைச் சோதித்து அனுமதி வழங்குவதில்லை. பொருள் பாதுகாப்பானது என்பதற்கு விற்போனே பொறுப்பாளி. ஆயின் 1994 ஒக்டோபர் 15ஆம் திகதிக்கு முன் அந்நாட்டிற் குறைநிரப்பியாக விற்கப்படாத புதுக்கூறு ஒன்றைச் சேர்ப்பதாயின், உணவிலே முன்னரே வழங்கியதொன்றாய் இருந்தாலன்றி, 75 நாட்களுக்கு முன் உணவு மருந்து நிருவாகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

அந்நாட்டுக்கு உணவு அனுப்பும் ஆலை அந்நிருவாகத்திற் பதிவு செய்யப்படல் வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை; இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும்; அமெரிக்காவில் வதியும் முகவர் ஒருவரையும் குறிப்பிடல் வேண்டும். அந்நிருவாகம் பதிவுச் சான்றிதழ் எதனையும் வழங்குவதில்லை. “அமெரிக்க அரசின் சான்றிதழ் பெற்றுத் தருவோம்” என்று கூறிப் பணம் கேட்போரிடம் நம்மவர் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

ஒவ்வொரு பொதியும் சேருமுன் முன்னறிவித்தல் கொடுத்தலும் வேண்டும். வானூர்தியில் வருவதற்கு நான்கு மணி நேரமும் கப்பலில் வருவதற்கு எட்டு மணி நேரமும் முன்னதாக அது சேரல் வேண்டும். வீட்டில் ஆக்கிய உணவைத் தனியாள் ஒருவர் உறவினருக்கு அன்பளிப்பாக அனுப்பினால் இம்முன்னறிவித்தல் வேண்டியதில்லை. அன்பளிப்பென்று அனுப்பியதை அங்கு விற்பனை செய்தால், அது சட்டமீறலாகும்.

குறைநிரப்பி செய்யும் ஆலைகளுக்கெனத் தனி நடைமுறை விதிகள் 2007ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. உட்பொருளின் அடையாளத்தைச் சோதித்தல், ஒவ்வொரு தொகுதிக்கும் பதிவேடு வைத்தல் என்பன அவற்றுள் முதன்மையானவை. சுட்டுத்துண்டில் உடலின் இயக்கத்துக்கு உதவும் என்னும் வகையில் ஒன்றைக் கூறினால், அக்கூற்று அந்நிருவாகத்தால் மதிப்பிடப்படவில்லை என்பதையும், நோயைக் கண்டறியவோ மாற்றவோ தடுக்கவோ பொருள் உரியதன்று என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும்.

5. கனடாவும் அவுஸ்திரேலியாவும்

நம்மவர் பெருந்தொகையினர் வாழும் கனடாவில், விற்றமின்களும் மூலிகைக் குளிகைகளும் “இயற்கைச் சுகாதாரப் பொருள்” என்னும் தனி வகுப்பைச் சேர்ந்தவை. 2004ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகளின்படி, இவ்வகுப்புப் பொருள் ஒவ்வொன்றும் விற்பனைக்கு முன் உரிமம் பெற்று, எட்டு இலக்கங்கொண்ட எண்ணைச் சுட்டுத்துண்டிற் காட்டல் வேண்டும். அதனை இறக்குமதி செய்பவரும் தம் இடத்துக்கு உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். உணவாக விற்கும் தூளுக்கு இவ்வெண் வேண்டியதில்லை. ஆயினும் 2019ஆம் ஆண்டு முதல் உணவு இறக்குமதியாளர்க்கும் உரிமம் தேவைப்படுகின்றது. கடையில் விற்கும் உணவின் சுட்டுத்துண்டு ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளிலும் இருத்தல் வேண்டும். தமிழ் வாசகம் மேலதிகமாக இருக்கலாமேயன்றி, அவற்றுக்கு ஈடாகாது.

அவுஸ்திரேலியாவில் விற்றமின் குளிகைகள் பெரும்பாலும் மருந்துப் பொருளின் ஒரு வகையாகக் கொள்ளப்படுகின்றன. 1989ஆம் ஆண்டின் சட்டப்படி அவை அந்நாட்டுப் பதிவேட்டில் இடம்பெறல் வேண்டும்; அதற்கு அந்நாட்டிலுள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஆகவே சிட்னியில் உள்ள உறவினர் கேட்டார் என்ற அளவில் குளிகைப் புட்டிகளை அனுப்புதல் அவரையே இடரில் மாட்டிவிடும்.

6. நம் நாட்டிற் செய்யவேண்டியவை

வியாபாரப் பெயரைப் பதிவு செய்தல், வரி இலக்கம் பெறுதல், சுங்கத் திணைக்களத்தில் ஏற்றுமதியாளராகப் பதிதல் என்பன முதற்படிகள். 1979ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை ஏற்றுமதி அபிவிருத்திச் சபை, சந்தை பற்றியும் விதிகள் பற்றியும் அறிவுரை வழங்கும்.

உணவு ஆக்கும் இடம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு அமைந்திருத்தல் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தொழில் தொடங்குமுன்னரே அழைத்து இடத்தைக் காட்டுதல் நன்று. கட்டடம் எழுந்தபின் சுவரை இடிப்பதிலும், கோடு கீறும்போதே அதனை மாற்றுதல் எளிது. பொருளை ஆயுர்வேத மருந்தாகச் செய்ய விரும்புவோர்க்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும், மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருளாகச் செய்வோர்க்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் விதிகளும் பொருந்தும்.

பச்சை இலையையும் காயையும் அனுப்புவோர், 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் கட்டுநாயக்கத் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையத்தில் தாவர சுகாதாரச் சான்றிதழ் பெறல் வேண்டும். 2019 டிசெம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அன்னாசி, வாழைப்பழம், தேங்காய் முதலிய ஐந்தொழிந்த ஏனைய பச்சைக் காய்கனிகளுக்கெல்லாம் இச்சான்றிதழைக் கேட்கின்றது. உலர்ந்த தூளுக்கு அது வேண்டுமா என்பது பொருள் செல்லும் நாட்டைப் பொறுத்தது. ஏற்றுமுன் அந்நிலையத்திற் கேட்டறிக.

மறுதலையாக, வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் விற்றமின் மாத்திரைகளை இங்குக் கடையில் வைத்து விற்பாரும் உளர். பதிவும் அனுமதிப்பத்திரமும் இன்றி மருந்துகளை இறக்குமதி செய்து விற்றல் குற்றமாகும். தமக்கெனக் கொண்டுவந்ததைச் சந்தைப் பொருளாக்குதல் தகாது.

7. தோட்டத்திலும் கொட்டகையிலும்

விதிகளைப் படித்து அஞ்சவேண்டியதில்லை. அவற்றுட் பெரும்பாலானவை தோட்டத்திலும் உலர்த்துமிடத்திலும் ஒழுங்காக வேலை செய்வதாலேயே நிறைவேறும்.

(அ) பீடைகொல்லி. பச்சை இலையில் முக்காற்பங்குக்கு மேல் நீரே உள்ளது. உலர்த்தும்போது நீர் போகும், நஞ்சு போகாது. ஆகவே பச்சை இலையில் உள்ள நஞ்சு தூளில் ஏறத்தாழ நான்கு மடங்காகச் செறியும். இலைக்கென வளர்க்கும் மரத்தில் மயிர்க்கொட்டி கண்டால் நஞ்சு தெளியாது, அடிமரத்திற் கூட்டமாக அடைந்திருக்கும் வேளையில் மரத்தின் பட்டை கருகாதவாறு பந்தங்கொண்டு அழித்தல் வேண்டும். காய்க்கு மருந்து தெளிக்கும் தோட்டத்திலிருந்து தூளுக்கு இலை எடுத்தல் ஆகாது. அயல் வயலில் தெளிக்கும் மருந்து காற்றோடு வந்து படியுமாதலால், வரம்போர மரங்களையும் விலக்குக.

(ஆ) பார உலோகம். பழைய வாகன மின்கலங்களை உடைத்த இடம், இரும்பும் பிளாத்திக்கும் எரித்த இடம், பெருந்தெருவின் ஓரம் ஆகியவற்றில் நிற்கும் மரத்தின் இலையை எடுக்கலாகாது. ஐயமுள்ள காணியில் முதலில் மண்ணைச் சோதிப்பிக்க.

(இ) கிருமி. இதுவே யாவற்றினும் முக்கியமானது. 2025ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் முருங்கை இலைத் தூள் கலந்த பொருள்களை உண்டோர் சிலர் சல்மனெல்லா நோய்க்கு ஆளாயினர்; இந்தியாவிலிருந்து வந்த தூளே அதற்குக் காரணம் என்று ஆராய்ந்தறியப்பட்டு, பொருள்கள் கடைகளிலிருந்து மீட்கப்பட்டன. இக்கிருமி கோழி, பறவை, பல்லி என்பவற்றின் எச்சத்தாலும் அழுக்கு நீராலும் சேர்வது. உலர்த்துவதால் அது இறப்பதில்லை. உலர்ந்த தூளில் பல மாதம் உயிரோடிருக்கும். முற்றத்திற் பாய் விரித்துக் காயவிடும் வழக்கம் வீட்டுக்கறிக்குப் பொருந்தினும், விற்பனைக்குப் பொருந்தாது. இலையைக் குடிக்கத்தக்க நீரிற் கழுவி, நீரை வடித்து, தரையிலிருந்து உயர்த்திய தட்டுகளில், வலையடித்த கொட்டகையுள் உலர்த்துக. வேலை செய்வோர் கைகழுவுதற்குச் சவர்க்காரமும் நீரும் கொட்டகை வாயிலிலேயே இருத்தல் வேண்டும். வயிற்றோட்டம் உள்ளவர் அன்று தூள் வேலை செய்யலாகாது.

(ஈ) நிழலும் புகையும். நேர்வெயில் கரற்றீனை அழித்து இலையை வெளிறச் செய்யும். நிழலிலே காற்றோட்டத்தில் உலர்த்துக. மாரியில் காய்வது தாமதிக்குமெனில், அடுப்புப் புகை படுமாறு வைத்தலாகாது. புகையிற் பென்சோபைரீன் போன்ற நச்சுப் பொருள்கள் உள்ளன. உலர்ந்த மூலிகையில் அதற்கு ஐரோப்பிய எல்லை கிலோகிராமுக்கு 10 மைக்குறோகிராம் மாத்திரமே. புகை வேறாகப் போகும் உலர்த்தியைப் பயன்படுத்துக.

(உ) புகையூட்டல். சேமிப்பிற் கிருமி கொல்வதற்கென எதிலீன் ஒட்சைட்டு வாயுவைப் பயன்படுத்தல் ஐரோப்பாவில் விலக்கப்பட்டுள்ளது. 2020 செப்டெம்பரில் இந்திய எள்ளில் அவ்வாயுவின் மிச்சம் இருப்பதைப் பெல்ஜியம் அறிவித்தபின், அவ்வெள் சேர்க்கப்பட்ட உணவுகள் ஐரோப்பாவெங்கும் கடைகளிலிருந்து மீட்கப்பட்டன. முருங்கையோடு எள்ளும் விளைவிக்கும் நமது கமக்காரர் இதனை மனத்திற் கொள்க.

(ஊ) பதிவேடு. இன்ன நாளில், இன்ன காணியில், இத்தனை கிலோகிராம் இலை பறித்து, இன்ன தொகுதி இலக்கத்தில் அடைத்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதிவருக. ஒரு தொகுதியிற் குறை காணின் அதனை மாத்திரம் மீட்கலாம். பதிவேடு இல்லையெனில் அனைத்தையும் இழக்க நேரும்.

8. சுட்டுத்துண்டில் உண்மையே எழுதுக

“முருங்கையிலையில் தோடம்பழத்தைப் பார்க்கிலும் ஏழு மடங்கு விற்றமின் C உண்டு” என்னும் வாசகம் பல புட்டிகளிற் காணப்படுகின்றது. அது பச்சை இலையின் நிறையைக் கொண்டு கூறியது. விற்றமின் C வெப்பத்தாலும் காற்றாலும் எளிதில் அழிவது. உலர்ந்த தூளில் அதன் பெரும்பகுதி எஞ்சுவதில்லை. அன்றியும் ஒரு தோடம்பழத்தை முழுதாக உண்போர், தூளில் ஒரு தேக்கரண்டியே உண்பர். தூளிற் புரதம், கல்சியம், இரும்பு, கரற்றீன் என்பன செறிந்திருத்தல் மெய்யே. ஆயின் அவற்றின் அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் இலையின் முதிர்ச்சிக்கும் ஏற்ப மாறும். ஆகவே புத்தகத்திற் கண்ட இலக்கத்தை எழுதாது, தம் தூளையே ஆய்வுகூடத்தில் அளந்து பெற்ற இலக்கத்தை எழுதுக. கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் போன்ற இடங்களில் இச்சோதனைகளைச் செய்விக்கலாம்.

“இயற்கைப் பசளையில் விளைந்தது” என்பதற்கும் சான்றிதழ் வேண்டும். பசளை இடாது விட்ட வேலி முருங்கையெல்லாம் சட்டப்படி அவ்வகையைச் சேராது.

9. அனுப்புமுன் கேட்கவேண்டிய வினாக்கள்

வாங்குபவரிடம் கீழ்க்காணும் வினாக்களை எழுத்திற் கேட்டு, விடையையும் எழுத்திற் பெறுக.

முதலாவது: இப்பொருளை உணவாகவோ குறைநிரப்பியாகவோ இறக்குமதி செய்கின்றீர்?
இரண்டாவது: இறக்குமதி உரிமம் உம்மிடம் உண்டா?
மூன்றாவது: எந்தச் சோதனைகளின் அறிக்கை வேண்டும்? எந்த ஆய்வுகூடத்தின் அறிக்கை ஏற்கப்படும்?
நான்காவது: சுட்டுத்துண்டின் வாசகத்தைச் சரிபார்ப்பவர் யார்?
ஐந்தாவது: எல்லையில் பொதி நிறுத்தப்பட்டால் நட்டம் எவருடையது?

இவற்றுக்கு விடைகூறத் தயங்குபவர் உறவினரேயாயினும், அவருக்குப் பொதி அனுப்பற்க. முதன்முறை அனுப்பும்போது இழந்தாலும் தாங்கத்தக்க சிற்றளவே அனுப்புக.

முடிவுரை

மேலே குறித்த பெண்கள் தொழிலைக் கைவிடவில்லை. அவ்விழப்பின்பின் நான் அவர்கள் முன் சென்று, தவறு என்னுடையது என்று கூறியபொழுது, அவர்களுள் மூத்த அம்மையார், “தம்பி, நீங்கள் எழுதினதை நாங்களும் வாசித்துத்தானே ஒட்டினோம். இனிமேல் எழுதமுதல் ஆரையேனும் கேளுங்கோ” என்றார். இப்பொழுது அவர்கள் வலையடித்த கொட்டகையில் உலர்த்தி, தொகுதிக் கொப்பி வைத்து, “முருங்கை இலைத் தூள் – கறிக்கும் கஞ்சிக்கும் உரியது” என்னும் வாசகத்தோடு அயற்சந்தைகளில் விற்கின்றனர். ஆய்வுகூடச் சோதனைக்கான பணத்தைத் தனியாகச் சேமித்து வருகின்றனர். அவ்வறிக்கை கைக்கு வரும்வரை கடல் கடந்து ஒரு பொதியும் அனுப்புவதில்லை என்பது அவர்கள் தமக்குத் தாமே வகுத்த விதி.

கமக்காரப் பெருமக்களும் மாதர் சங்கத்தினரும் அவ்விதியைத் தாமும் மேற்கொள்வாராக. பிறநாட்டு விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், ஒவ்வொரு முறையும் அனுப்புமுன் தத்தம் பிரிவு விவசாயப் போதனாசிரியரையும் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையையும் கேட்டறிந்து செயலாற்றுக. கேட்பதற்குச் செலவில்லை, கேளாமைக்கே செலவு மிகுதி.